நிருபரும் நிறுவனமும்: வாசகர் கேள்வி – பதில்

தொழில் நடத்தும் வாசகர்கள் பலர், பத்திரிகைகளோடும் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளோடும் பழகுவதில் தங்களுக்கு ஏற்படும் சிக்கல்களைக் கேள்விகளாக அனுப்பியிருந்தனர். ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இந்த இதழில் பதில் அளித்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இயந்திர உதிரி பாகங்கள் தயாரிக்கும் சிறு நிறுவனத்தார். புதிய தொழிற்கூடம் திறந்தபோது செய்திக்குறிப்பு ஒன்று எழுதி, கையில் கிடைத்த மின்னஞ்சல் முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். எங்கும் ஒரு வரிகூட வரவில்லை. அதே வாரம் எங்களைவிடச் சிறிய நிறுவனம் ஒன்றைப் பற்றி அரைப் பக்கக் கட்டுரை வந்தது. செல்வாக்கு இருந்தால்தான் செய்தி வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வர வேண்டாம். செல்வாக்குக்குச் சில இடங்களில் பலன் இருக்கலாம்; ஆனால் பெரும்பாலான செய்திக்குறிப்புகள் படிக்கப்படாமலே போவதற்குக் காரணம், அவற்றில் செய்தி இல்லை என்பதுதான். புதிய கூடத்தின் திறப்பு உங்களுக்கும் உங்கள் ஊழியர்களுக்கும் பெரிய நாள். காலையில் பத்திரிகையைப் பிரிக்கும் முன்பின் அறியாத ஒருவருக்கு அதனால் என்ன என்பதே செய்தி ஆசிரியர் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. இதுவரை இறக்குமதியாகிவந்த ஒரு பாகம் இனி உள்நாட்டிலேயே கிடைக்கும் என்றாலோ, மற்றவர்கள் கூடங்களை மூடிக்கொண்டிருக்கும் ஒரு துறையில் நீங்கள் மட்டும் விரிவுபடுத்தத் துணிந்ததற்குச் சொல்லத்தக்க காரணம் இருக்கிறது என்றாலோ, அது செய்தி. குத்துவிளக்கு ஏற்றியவர் யார், மாலை அணிவித்தவர் யார் என்பது செய்தி அன்று. அதற்கு இடம் வேண்டுமென்றால் விளம்பரப் பிரிவில் பணம் கட்டி வாங்குவதே நேர்மையான வழி.

இந்த வேறுபாடு புதியதன்று. 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவில், பத்திரிகையாளராக இருந்து பின்னர் நிறுவனங்களின் செய்தித் தொடர்பைக் கவனிக்கத் தொடங்கிய ஐவி லீ என்பவர், பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினார். நாங்கள் அனுப்புவது உங்கள் விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று தோன்றினால் அதைப் பயன்படுத்த வேண்டாம். நாங்கள் தரும் விவரம் துல்லியமானது. மேலும் விவரம் கேட்டால் உடனே தருவோம். எதையும் நீங்களே நேரில் சரிபார்க்க விரும்பினால் மகிழ்ச்சியோடு உதவுவோம் என்பதே அதன் சாரம். அதே ஆண்டு அக்டோபரில், அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்தின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அவர் விவரங்களை மறைக்காமல் தாமே எழுதித் தந்ததோடு, நிருபர்கள் விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்கவும் ஏற்பாடு செய்தார். இன்றைய பிரஸ் ரிலீஸின் தொடக்கமாகப் பலர் குறிப்பிடுவது அதைத்தான். (பின்னாளில் லீ எத்தகைய நிறுவனங்களுக்கெல்லாம் வேலை செய்தார் என்பது வேறு கதை, பெருமைக்குரியதன்று.)

இனி உங்கள் குறிப்பைப் பார்ப்போம். அதை எல்லாருக்கும் அனுப்பியதே முதல் குறை. உங்கள் துறையைப் பற்றித் தொடர்ந்து எழுதும் நிருபர்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அவர்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு, அவர்களுக்கு மட்டும் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு என்பவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். ‘முன்னணி’, ‘புரட்சிகரமான’ போன்ற அடைமொழிகளை உதவி ஆசிரியர் எப்படியும் வெட்டுவார், அந்த வேலையை நீங்களே செய்துவிடுங்கள். குறிப்பின் அடியில் ஒரு தொலைபேசி எண் வேண்டும். அந்த எண்ணை எடுப்பவர் பதில் சொல்லும் தகுதி உள்ளவராக இருப்பது அதைவிட முக்கியம், ஏனென்றால் மாலையில் பக்கம் முடிக்கும் நேரத்தில் அழைக்கும் நிருபருக்கு, ‘முதலாளி நாளை காலைதான் வருவார்’ என்ற பதிலும் மௌனமும் ஒன்றே. அந்தச் சிறிய நிறுவனத்தைப் பற்றி அரைப் பக்கம் வந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் இத்தகையதாகவே இருக்கும்: தன் நிறுவனத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லாத நாள்களிலும், மூலப்பொருள் விலை ஏன் ஏறியது, புதிய வரி விதி நடைமுறையில் யாரைப் பாதிக்கும் என்று நிருபர் கேட்டபோதெல்லாம் பொறுமையாக விளக்கிய ஒருவர் அங்கே இருந்திருப்பார்.

கேள்வி: ஒரு வார இதழின் நிருபர் என்னைப் பேட்டி எடுத்துச் சென்றார். அச்சுக்குப் போகும் முன் கட்டுரையை அனுப்பச் சொன்னேன், மறுத்துவிட்டார். என் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையை நான் பார்க்கக் கூடாதா?

பதில்: அது உங்கள் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரைதான், உங்கள் கட்டுரை அன்று. முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே காட்டக் கூடாது என்பது பல செய்தி நிறுவனங்களின் உள்விதி. அதை நிருபரின் திமிராகக் கொள்ள வேண்டாம். ஆனால் கேட்கத்தக்கது ஒன்று உண்டு. ‘நான் சொன்ன எண்களையும் தொழில்நுட்ப விவரங்களையும் தவறாகக் குறித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதே என் கவலை, அந்த வரிகளை மட்டும் படித்துக் காட்ட முடியுமா?’ என்று கேட்டால் நல்ல நிருபர்கள் பலர் இசைவார்கள், ஏனென்றால் பிழை நேர்ந்தால் அவமானம் அவர்களுக்கும்தான். அப்படிப் படித்துக் காட்டும்போது தவறான எண்ணைத் திருத்துங்கள். முதல்நாள் உணர்ச்சியில் சொன்னதை மறுநாள் மெருகேற்ற அதை வாய்ப்பாக்கிக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை அந்த உதவியும் கிடைக்காது. பேட்டி முடிந்த அன்றே எண்கள், பெயர்களின் எழுத்துக்கூட்டல், பதவிகள் ஆகியவற்றை ஒரு சிறு மின்னஞ்சலில் நீங்களாகவே அனுப்பிவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

கேள்வி: எனக்கு நன்கு பழக்கமான நிருபரிடம் எங்கள் துறையின் பிரச்சினைகளைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். முடிவில், ‘இதெல்லாம் ஆஃப் த ரெக்கார்ட்’ என்றேன். என் பெயரோடு அச்சாகிவிட்டது. இது நம்பிக்கைத் துரோகம் அல்லவா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது; ஆனால் ‘முடிவில்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளியிடக் கூடாது என்பது இருவரும் பேச்சுக்கு முன்னர் செய்துகொள்ளும் உடன்பாடு. ஒருவர் பேசி முடித்துவிட்டுப் பின்னோக்கிப் போடும் தடையை ஏற்க வேண்டிய கட்டாயம் நிருபருக்கு இல்லை. சிலர் இரக்கப்பட்டோ உறவைக் காப்பாற்றவோ ஏற்கலாம். அதை எதிர்பார்த்துப் பேசக் கூடாது.

இதில் படிநிலைகளும் உண்டு. பெயரோடு வெளியிடலாம் என்பது ஒன்று. தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் ‘துறையைச் சேர்ந்த மூத்த நிர்வாகி ஒருவர்’ என்பதுபோல் மட்டும் குறிப்பிடலாம் என்பது மற்றொன்று. எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது, நிருபரின் புரிதலுக்கு மட்டும் என்பது மூன்றாவது. சிக்கல் என்னவென்றால், இவற்றுக்கான பெயர்களை ஒவ்வொரு செய்தி அறையும் சற்றே வேறு பொருளில் வழங்குகிறது. ஆகவே ஆங்கிலச் சொல்லை வீசிவிட்டு நிம்மதி அடையாமல், ‘இதை எழுதலாம், என் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வரக் கூடாது, சரிதானே?’ என்று வெளிப்படையாகக் கேட்டு, அவர் ஆமென்று சொன்ன பிறகு பேசுங்கள். அச்சில் வந்தால் தொழிலே போய்விடும் என்ற அளவு விஷயமாக இருந்தால், எந்த உடன்பாட்டின் பேரிலும் அதைச் சொல்லாமல் இருப்பதே உசிதம் என்பது என் கருத்து.

கேள்வி: தொலைக்காட்சிக்கு நாற்பது நிமிடம் பேசினேன். ஒளிபரப்பானது சில விநாடிகள். அதுவும் நான் விளையாட்டாகச் சொன்ன ஒரு வாக்கியம். இப்படி வெட்டி ஒட்டுவது முறையா?

பதில்: பொருள் திரியும்படி வெட்டியிருந்தால் முறையன்று, புகார் செய்யலாம். பொருள் திரியாமல், நீங்கள் சொன்னதையே தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தால் அது அவர்களுடைய தொழில். எந்த வாக்கியம் தனியே நிற்கும் என்பதைப் பேசுபவர் தீர்மானிக்க முடியாது, ஆனால் தனியே நிற்கக் கூடாத வாக்கியத்தைச் சொல்லாமல் இருக்க முடியும்.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்துப் பதினொருவர் இறந்தனர். அடுத்த மாதம் நிருபர்களிடம் பேசிய பிபி எண்ணெய் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட், கடலோர மக்களின் வாழ்க்கை குலைந்ததற்கு முதலில் வருத்தம்தான் தெரிவித்தார். அதே மூச்சில், இது முடிய வேண்டுமென்று என்னைவிட அதிகம் விரும்புபவர் யாரும் இல்லை, எனக்கு என் வாழ்க்கை திரும்ப வேண்டும் என்றார். வருத்தம் மறைந்தது, கடைசி வாக்கியம் உலகெங்கும் நின்றது. பதினொரு குடும்பங்கள் அதை எப்படிக் கேட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், அது வெட்டி ஒட்டியவரின் குற்றம் என்று சொல்ல முடியாது. அவர் பதவி விலகும் அறிவிப்பு ஜூலையில் வந்தது.

விளையாட்டுப் பேச்சின் விலையை 1991-இல் பிரிட்டனின் நகைக்கடைத் தொழிலதிபர் ஜெரால்ட் ராட்னர் கண்டார். தொழில் இயக்குநர்கள் சங்கத்தின் கூட்டத்தில், தம் கடையில் விற்கும் மதுக் குடுவைத் தொகுதி இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தாம் சொல்லும் பதில் என்று, அது படுமட்டமான சரக்கு என்பதைக் கொச்சையான சொல்லில் சொன்னார். அரங்கம் சிரித்தது. மறுநாள் பத்திரிகைகளில் படித்த வாடிக்கையாளர்கள் சிரிக்கவில்லை. நிறுவனத்தின் சந்தை மதிப்பில் சுமார் 50 கோடி பவுண்ட் கரைந்தது, அடுத்த ஆண்டு அவரும் வெளியேற நேர்ந்தது, அதற்கடுத்த ஆண்டு நிறுவனம் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கூடிய அரங்கம் என்பதால் பேச்சு வெளியே போகாது என்ற எண்ணம் அன்றே பொய்த்தது; எல்லார் கையிலும் கேமரா இருக்கும் இன்று சொல்ல வேண்டியதில்லை.

உங்களுக்கு நடைமுறையில் சொல்லக்கூடியது இதுதான். கேமரா முன் அமரும் முன்னர், சொல்ல வேண்டிய இரண்டு செய்திகளை உரக்கச் சொல்லிப் பாருங்கள். கேள்விக்குப் பதில் முடிந்ததும் நிறுத்துங்கள். நிருபர் எதுவும் பேசாமல் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த மௌனத்தை நிரப்பும் கடமை உங்களுடையதன்று. வேண்டாத வாக்கியங்களில் பாதி அந்த மௌனத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வி: பத்திரிகையாளர் சந்திப்புக்கு வருபவர்களுக்குப் பரிசுப் பையோ உறையோ கொடுப்பது வழக்கம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தேநீரும் சிற்றுண்டியும் விருந்தோம்பல். பணம் கைமாறினால் அது வேறு பெயர் பெறும். வாங்காத நிருபர் உங்களைக் குறைவாக மதிப்பார்; வாங்கும் நிருபரோ உங்கள் போட்டியாளரிடமும் வாங்குவார்.

கேள்வி: எங்கள் தயாரிப்பால் வாடிக்கையாளர் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததாக ஒரு நிருபர் அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் பதில் கேட்கிறார். எதுவும் பேசக் கூடாது என்கிறார் எங்கள் வழக்கறிஞர். எதைச் செய்வது?

பதில்: உங்கள் வழக்கறிஞர் தமது தொழிலின் கண்ணோட்டத்தில் சரியாகவே சொல்கிறார், நீதிமன்றத்தில் எதிராகத் திரும்பக்கூடிய ஒரு சொல்லும் வாயிலிருந்து விழக் கூடாது என்பது அவர் கவலை. ஆனால் வழக்கு தீர்ப்பாகும் வரை உங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கமாட்டார். ‘கருத்துக் கூற மறுத்துவிட்டனர்’ என்று அச்சாகும் வரியைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பெரும்பாலோர் படிப்பார்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலும் பொய் சொல்லாமலும் பேசுவதற்கு இடம் இருக்கிறது; அந்த வாசகங்களை வழக்கறிஞரையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

முதலில் அந்த அழைப்பிலேயே பதில் சொல்லத் தொடங்க வேண்டாம். நிருபரின் பெயர், நிறுவனம், தொடர்பு எண், அவருக்கு எத்தனை மணிக்குள் பதில் தேவை, குறிப்பாக என்ன குற்றச்சாட்டு, எந்த ஆவணத்தின் அல்லது யார் கூற்றின் பேரில் என்பவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேள்விகளை எழுத்தில் அனுப்பும்படியும் கோரலாம். இன்ன நேரத்துக்குள் திரும்ப அழைக்கிறேன் என்று சொல்லி, அந்த நேரத்துக்குள் அழையுங்கள்; விசாரணை முடியாவிட்டாலும் அழைத்து, முடியவில்லை என்று சொல்லுங்கள். பதிலில் மூன்று பகுதி இருந்தால் போதும்: உறுதியாகத் தெரிந்தது என்ன, இன்னும் தெரியாதது என்ன, அதைத் தெரிந்துகொள்ள என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள். பாதிக்கப்பட்டவரைப் பற்றி ஒரு மனிதத்தன்மையுள்ள வாக்கியம் முதலில் வரட்டும். அவர் பணத்துக்காகப் பொய் சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றினாலும், அதை நிரூபிக்கும் வரை அந்த எண்ணம் அறைக்கு வெளியே போக வேண்டாம்.

1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்துவைத்த டைலனால் என்ற வலிநிவாரணி மாத்திரைகளை உட்கொண்டு ஏழு பேர் இறந்தபோது, தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்துக்கு அந்தத் தகவல் முதலில் ஒரு நிருபரின் அழைப்பு வழியாகவே எட்டியது. எங்கள் ஆலையில் சயனைடே கிடையாது என்று நிறுவனத்தார் நிருபர்களிடம் சொன்னார்கள். பின்னர் விசாரித்ததில், தரப் பரிசோதனைக்காகச் சிறிதளவு அங்கே வைத்திருந்தது தெரியவந்தது. மாத்திரையில் கலந்த நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் முதலில் சொன்னது தவறு என்பதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றதைத்தான் மேலாண்மை வகுப்புகளில் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஒப்புதலும் அதற்கு இணையானதாகப் படுகிறது, ஏனென்றால் அதை மறைக்க முயன்று வெளிப்பட்டிருந்தால், பிறகு நிறுவனம் சொன்ன எந்த உண்மையும் எடுபட்டிருக்காது.

எதிர்மாறான வழியும் பதிவில் இருக்கிறது. 2001 தொடக்கத்தில் ‘ஃபார்ச்சூன்’ இதழின் நிருபர் பெத்தனி மெக்லீன், அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் உண்மையில் எப்படித்தான் பணம் ஈட்டுகிறது என்ற எளிய கேள்வியோடு அதன் தலைவர் ஜெஃப்ரி ஸ்கில்லிங்கை அழைத்தார். நீங்கள் நெறியற்ற முறையில் நடந்துகொள்கிறீர்கள் என்று கடிந்துவிட்டு, ஸ்கில்லிங் தொடர்பைத் துண்டித்தார். மறுநாளே அதிகாரிகள் நியூயார்க்குக்குப் பறந்து விளக்கம் சொன்னார்கள். கட்டுரை வந்தது, அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் திவாலானது. அங்கே மறைப்பதற்கு உண்மையாகவே இருந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத நிறுவனத்தாரும் அதே தொனியில் சீறுவதுதான் வேடிக்கை; சீற்றத்தைக் கேட்ட நிருபர் மேலும் ஆழமாகத் தோண்டுவார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கேள்வி: எங்களைப் பற்றிய செய்தியில் பிழை வந்துவிட்டது. அந்தப் பத்திரிகைக்கு நாங்கள் தொடர்ந்து விளம்பரம் தருகிறவர்கள். விளம்பரப் பிரிவு வழியாக அழுத்தம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நேர்மையான பத்திரிகையில் அது செய்தி ஆசிரியரை உங்களுக்கு எதிராகத் திருப்பும். நேர்மையற்ற பத்திரிகையில் பலித்தால், நாளை உங்கள் போட்டியாளருக்கும் பலிக்கும். விளம்பரத்தை நிறுத்துவோம் என்ற மிரட்டலே தனிச் செய்தியாக வெளிவரும் அபாயமும் உண்டு.

முதலில் வந்தது பிழையா, பிடிக்காத கருத்தா என்று பிரித்துப் பாருங்கள். ஆண்டு விற்பனையைத் தவறாகக் குறித்திருந்தால் அது பிழை. விரிவாக்கத் திட்டம் அவசரப்பட்டது என்று ஒரு வல்லுநர் சொல்லியிருந்தால் அது கருத்து. கருத்துக்கு மறுப்பு வேண்டுமென்றால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம், கட்டுரையும் அனுப்பிப் பார்க்கலாம். திருத்தம் கேட்க முடியாது. பிழையாக இருந்தால் முதலில் நிருபரையே அணுகுங்கள். அவர் தலைக்கு மேல் போவதை எந்த நிருபரும் மறப்பதில்லை. எந்த நாள் இதழ், எந்தப் பக்கம், அச்சான வாசகம், சரியான விவரம், அதற்கான ஆவணம் ஆகியவற்றை அரைப் பக்கத்துக்குள் எழுதுங்கள். இரண்டொரு நாளில் பதில் வராவிட்டால் செய்தி ஆசிரியருக்கோ, இருந்தால் வாசகர் குறைதீர் ஆசிரியருக்கோ அனுப்புங்கள். பெரும்பாலும் தலைப்பை எழுதுவது நிருபர் அல்லர், உதவி ஆசிரியர் என்பதையும் நினைவில் வையுங்கள். தலைப்புக்காக நிருபரைத் திட்டுவது வீண். இணையப் பதிப்பைத் திருத்தச் சொல்ல மறக்க வேண்டாம், ஏனென்றால் அச்சுப் பிரதி மறுநாள் பழைய காகிதம். தேடுபொறியில் சிக்குவதும், அடுத்த நிருபர் எடுத்தாள்வதும் இணையத்தில் இருக்கும் பிழையைத்தான்.

கேள்வி: இதையெல்லாம் கவனிக்க மக்கள் தொடர்பு முகமையை அமர்த்துவது நல்லதா?

பதில்: அடிக்கடி அறிவிப்புகள் வெளியிடும் நிலையில் இருந்தாலோ, பல நகரங்களிலும் மொழிகளிலும் செய்தியாளர்களை அணுக வேண்டியிருந்தாலோ அமர்த்தலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் சொல்ல ஏதாவது இருக்கும் சிறு நிறுவனத்துக்கு, விவரம் தெரிந்த ஓர் ஊழியரும் அவருக்குப் பேசும் அதிகாரமும் போதும். முகமையைத் தேர்ந்தெடுக்கும்போது, மாதம் இத்தனை செய்திகள் கட்டாயம் வெளிவரும் என்று உறுதி கொடுப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். எது வெளிவரும் என்பது அவர் கையில் இல்லை, இருக்கிறது என்றால் அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்று கேட்க வேண்டியிருக்கும். உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, ‘இதில் செய்தி இல்லை, அனுப்ப வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லும் முகமை கிடைத்தால் அமர்த்திக்கொள்ளுங்கள். அமர்த்திய பிறகும், நிருபர் உங்களோடு நேரில் பேச விரும்பினால் முகமையாளர் குறுக்கே நிற்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.